கை நடுக்கம், மனச்சோர்வு, யோசனையில் மந்தம்: மூளையின் ஆழ்பகுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கின்சன் (நடுக்குவாதம்) நோயாளிகளை அழைத்து வரும் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். இவற்றில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. கை கால் ஒரு நோய், மனசு இன்னொரு நோய் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்தக் குழப்பம். மூளைக்குள் அப்படிப் பிரிவினை கிடையாது. படித்துவிட்டு மாத்திரை அளவை மட்டும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்ல "பேசல் கேங்லியா"ன்னு போட்டிருக்கு. அது எங்க இருக்கு?

மூளையின் மேலே சுருக்கம் சுருக்கமாகத் தெரிவது புறணி. அதற்கு அடியில், காதுக்கு நேர் உள்ளே, இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு ஜோடியாகச் சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. காடேட், புட்டாமன், குளோபஸ் பாலிடஸ், பட்டாணியைவிடச் சிறிய சப்தலாமிக் கரு, நடுமூளையில் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் பேசல் கேங்லியா. பக்கத்திலேயே தாலமஸ் இருக்கிறது. கீழிருந்து வரும் செய்தி பெரும்பாலும் அதன் வழியாகத்தான் புறணிக்குப் போகும்.

சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றால் கரும்பொருள் என்று அர்த்தம். வளர்ந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தால் நடுமூளையில் இரண்டு கறுத்த பட்டைகள் வெறும் கண்ணுக்கே தெரியும். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையில் அந்தப் பட்டை வெளுத்திருக்கும். டோபமின் (நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஒரு ரசாயனம்) சுரக்கும் செல்கள் அழிய அழிய, அவற்றுக்குள் இருந்த கறுப்பு நிறமியும் போய்விடுகிறது.

அது என்ன வேலைதான் செய்யுது?

உத்தரவு போடுவது அதன் வேலை இல்லை. பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பதும், சரியான நேரத்தில் விடுவதும்தான் வேலை. குளோபஸ் பாலிடஸின் உள்பகுதி ஓய்வு நேரத்திலும் தாலமஸை அமுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் காபி டம்ளரை எடுக்க நினைத்ததும், அந்த ஒரு அசைவுக்கான பிரேக் மட்டும் தளரும். தோளை உயர்த்துவது, விரலை மடக்குவது என்று கூடவே எழக்கூடிய மற்ற அசைவுகளின் பிரேக் இன்னும் இறுகும்.

இந்தத் தளர்த்தலைச் சுலபமாக்குவது டோபமின். அது குறைந்தால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். கைகால் இறுகும், அசைவு சிறுக்கும், கையெழுத்து வரி போகப் போகப் பொடியாகும். பிரேக் தேவைக்கு மேல் விட்டுப்போனால் நேர் எதிராக, கேட்காமலே கைகால் ஆடும்.

கை கால் அசைவுக்கான இடம்தானே? அதுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

புறணியிலிருந்து கிளம்பி, பேசல் கேங்லியாவுக்குள் இறங்கி, தாலமஸ் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுகள் பல உண்டு. அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் ஆகிய மூவர் 1986இல் இப்படி ஐந்து சுற்றுகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடல் அசைவுக்கு, ஒன்று கண் அசைவுக்கு. மீதி மூன்றும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிகளோடு ஓடுகின்றன. திட்டமிடுவது, சபலத்தை அடக்குவது, ஒன்றைச் செய்யவேண்டும் என்ற உந்துதல் எழுவது ஆகியவை அவற்றின் பொறுப்பு. டம்ளரை எடுக்க விடுகிற அதே பிரேக் அமைப்புதான் ஒரு யோசனையை எடுக்கவும் விடுகிறது.

இது எவ்வளவு நெருக்கம் என்பதற்கு 1999இல் பாரிஸிலிருந்து வெளியான ஒரு நோயாளியின் விவரத்தைச் சொல்லவேண்டும். பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்ட 65 வயதுப் பெண் அவர். அதற்கு முன் மனச்சோர்வு நோய் இருந்ததே இல்லை. மின்முனையின் நான்கு தொடுமுனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்குள் இறங்கியிருந்த அடிமுனையில் மின்சாரம் பாய்ந்த சில நொடிகளிலேயே அவர் முகம் வாடியது. அழத் தொடங்கினார், வாழவே பிடிக்கவில்லை என்றார். நிறுத்தியதும் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் மறைந்து, சோதித்த மருத்துவரோடு சிரித்துப் பேசினார். சற்று மேலே இருந்த இன்னொரு முனை அவருடைய கைகால் இறுக்கத்தைச் சரியாக்கியது. அழுகைக்கும் அசைவுக்கும் இடையில் இருந்தது சில மில்லிமீட்டர்தான்.

டோபமின்தான் காரணம்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கதை நம் ஊர் மூலிகையில் தொடங்குகிறது. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரிசர்பின், உயர் ரத்த அழுத்தத்துக்கு மருந்தாக உலகம் முழுக்கப் போனது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும், சிலருக்கு நடுக்குவாதம் போன்ற இறுக்கமும் வந்தன. சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957இல் ரிசர்பின் கொடுத்த முயல்கள் காது தொங்க அசையாமல் கிடந்ததையும், டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் அவை எழுந்து நடமாடியதையும் காட்டினார். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் 1960இல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பது அளந்து காட்டப்பட்டது. மறு ஆண்டே அங்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். இன்றும் முதன்மை மருந்து அதுதான்.

கை நடுங்கினாலே பார்க்கின்சனா?

இல்லை. டம்ளரைப் பிடிக்கும்போது, கையெழுத்துப் போடும்போது நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். பார்க்கின்சன் நடுக்கம் கையை மடியில் சும்மா வைத்திருக்கும்போது வரும், ஒரு பக்கமாகத் தொடங்கும். நோயை உறுதிசெய்வது நடுக்கத்தைவிட அசைவின் மந்தம்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகட்டி, வேகமாக 10 முறை தட்டச் சொல்லுங்கள். முதல் மூன்று நான்கு தட்டல் பெரிதாக இருந்து, போகப் போக அகலம் சுருங்கி, நடுவில் தடைப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும். எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. இந்த நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். இது மிக முக்கியம். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனாரிசின், மனநல மருந்தான ஹாலோபெரிடால் எல்லாம் டோபமினைத் தடுப்பவை. வயிற்று எரிச்சலுக்கான சில கேப்சூல்களில் லெவோசல்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். "கேஸ் மாத்திரை" என்று மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள், கை நடுங்கும், முகம் இறுகும், மனசும் சோரும். மருத்துவர் அதை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் பார்க்கின்சன் என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

அப்பா முன்ன மாதிரி சிரிக்கிறதே இல்ல. எதுலயும் நாட்டமில்ல. வீம்பா, சோம்பேறித்தனமா, டிப்ரஷனா?

மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். முதலாவது முகம். முகத் தசையும் இறுகுவதால் உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் வெளியே சிடுசிடுப்பாகத் தெரியும், கண் சிமிட்டுவதும் குறையும். முகத்தைப் பார்த்து மனசை எடைபோடாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டாவது மனச்சோர்வு. ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்குக் கவனிக்கவேண்டிய அளவில் வருகிறது, சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே. குற்ற உணர்வு, விடியற்காலையில் விழிப்பு, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு இருந்தால் அது இதுதான். மூன்றாவது உந்துதல் இல்லாமை. இவர் வருத்தப்படமாட்டார். "எனக்கு ஒண்ணுமில்லையே" என்பார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். மேலே சொன்ன ஐந்து சுற்றுகளில் உந்துதலுக்கான சுற்று படுத்துவிட்டதன் அடையாளம் இது. காடேட்டில் சிறிய பக்கவாதம் வந்தவர்களுக்கும் இப்படியே ஆகும், கைகால் நன்றாக இருக்கும்போதே.

மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, நன்றாகவே கேட்கும். உந்துதல் இல்லாமைக்கு மருந்தைவிட நேரப் பட்டியலே உதவும். 7 மணிக்குப் பேப்பர், 8 மணிக்குக் குளியல், 5 மணிக்கு நடை என்று வெளியிலிருந்து தொடக்கம் வரவேண்டும். "உங்களுக்கே தோணணும்" என்று காத்திருப்பதும் திட்டுவதும் வீண். தோன்றவைக்கும் இடம்தான் பழுதாகியிருக்கிறது.

பேசுனா பதில் வரவே ரெண்டு நிமிஷம் ஆகுது. மறதி நோயா?

அல்சைமரில் முதலில் அடிபடுவது புதிய நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி. அங்கே செய்தியே பதிவதில்லை. பார்க்கின்சன் நோயில் பதிவு பெரும்பாலும் இருக்கும், எடுப்பதுதான் தாமதமாகும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றால் விழிப்பவர், "இட்லியா, உப்புமாவா?" என்றால் சரியாகச் சொல்வார். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை பொறுங்கள். ஒரே சமயத்தில் ஒரு கேள்விதான். வருடங்கள் போகும்போது சிலருக்கு உண்மையான அறிவாற்றல் குறைவும் வரும், அதைத் தனியாகச் சோதிக்கவேண்டும்.

இல்லாத ஆள், பூனை, சின்னக் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது என்று சொன்னால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அவசரத்தில் யாராவது ஹாலோபெரிடால் ஊசி போட வந்தால் பார்க்கின்சன் நோய் இருப்பதைச் சொல்லித் தடுக்கவேண்டியது உங்கள் பொறுப்பு. காரணத்தை மேலே நடுக்கம் பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறோம்.

மாத்திரை போட்டா குமட்டுது. மதிய மாத்திரை வேலையே செய்யல. ஏன்?

டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால் லெவோடோபாவாக (மேலே சொன்ன எல்-டோபாதான்) கொடுக்கிறோம். அது வழியிலேயே டோபமினாக மாறிவிடாமல் இருக்கக் கார்பிடோபா கூட இருக்கும். அட்டையில் 110 என்றால் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. 125 என்றால் 100, 25. வழியில் மாறுவதைத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா தேவைப்படும். 110 மாத்திரை மூன்று போட்டால் கிடைப்பது 30 மி.கி. மட்டுமே, குமட்டல் அதனால்கூட வரலாம். 125 மூன்று என்றால் 75 மி.கி. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். குமட்டலுக்கு டாம்பெரிடோன் கொடுப்பது வழக்கம், மெட்டோகுளோபிரமைடு ஆகாது.

மதிய மாத்திரை ஏமாற்றுவதற்கு முக்கியக் காரணம் புரதம். பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில்தான் நுழையவேண்டும். கூட்டம் அதிகமானால் மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ, பாலில்லாமல் வெறும் தண்ணீரோடு மாத்திரையைப் போடவேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். புரதத்தை விட்டுவிடக்கூடாது, பெரும்பகுதியை ராத்திரிக்கு மாற்றலாம். மலச்சிக்கல் இருந்தாலும் மருந்தின் பலன் தாமதமாகும்.

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தப்புதல் என்று உயிருக்கே உலை வைக்கும். வேறு ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாலும் இந்த மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டா மாத்திரை வேண்டாம்னு சொல்றாங்களே?

பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையிலேயே இருக்கிறது. அதனால்தான் கவலை. ஒரு பொட்டலத்துக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும், கார்பிடோபாவும் அதில் கிடையாது. மாத்திரையோடு சேர்த்தால் மருந்து மிஞ்சிக் கைகால் நெளியத் தொடங்கும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை மாத்துன பிறகு ஆன்லைன் ரம்மியில பணத்தை விடுறார். அறுபது வயசு வரைக்கும் சீட்டையே தொடாதவர். இதுவும் நோயா?

மருந்தின் விளைவாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமின் போலவே நடிப்பவை. அசைவுக்கான சுற்றில் டோபமின் வற்றியிருக்கும்போது, ஆசைக்கும் பரிசுக்கும் உரிய சுற்றில் அது இன்னும் ஓரளவு மிச்சமிருக்கும். கைக்குப் போதுமான அளவு மருந்து அங்கே வெள்ளமாகிவிடுகிறது. 2010இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 100க்கு 17 பேரிடம் சூதாட்டம், கட்டுமீறிய செலவு, பாலுறவு வேட்கை, பெருந்தீனி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று காணப்பட்டது.

மருத்துவர் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் மனச்சோர்வும் பிடித்துக்கொள்ளும். அதுவரை வங்கிச் செயலியும் ஏடிஎம் அட்டையும் வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும். இந்த மருந்து தொடங்கும்போதே குடும்பத்துக்கு இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெட்கப்பட்டு மறைத்து, கடன் முற்றிய பிறகு வருபவர்களின் நிலைமை மிகவும் கஷ்டம்.

நிலைப்படியில கால் ஒட்டிக்குது. ஆனா மாடிப்படி தடதடன்னு ஏறுறார். நடிக்கிறாரா?

நடிப்பு இல்லை, நோயின் அச்சு அசலான அடையாளம். பழகிய நடை தானாக ஓடுவது பேசல் கேங்லியா வழியில். கண்ணால் பார்த்துக் குறிவைத்து எடுக்கும் அடி, சிறுமூளையும் புறணியின் வேறொரு பகுதியும் சேர்ந்த இன்னொரு வழியில் போகிறது. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது திறந்திருக்கும். மாடிப்படியின் ஒவ்வொரு விளிம்பும் காலுக்கு ஒரு கோடு. சமதரையில் அந்தக் கோடு இல்லை. குறுகலான வாசல், திரும்பும் இடம், பதற்றம், பேசிக்கொண்டே நடப்பது எல்லாம் நிலைமையை மோசமாக்கும்.

கோட்டை நாமே போட்டுக் கொடுக்கலாம். கால் ஒட்டிக்கொண்டு உறையும் இடத்தில், நடக்கும் திசைக்குக் குறுக்காக, தரை நிறத்துக்கு எதிர் நிறத்தில் ஒட்டுநாடாவை 40 முதல் 50 செ.மீ. இடைவெளியில் ஐந்தாறு பட்டைகளாக ஒட்டுங்கள். கோட்டை மிதிக்காமல் தாண்டச் சொல்லவேண்டும். கோடில்லாத இடத்தில் உங்கள் பாதத்தை அவர் முன்னால் குறுக்காக வைத்துத் தாண்டச் சொல்லலாம், "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போடலாம்.

உறைந்தவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். உடம்பு வரும், கால் வராது, குப்புற விழுவார். நிற்கட்டும், நிமிரட்டும், எடையை இடமும் வலமுமாக இரண்டு முறை மாற்றட்டும், பிறகு ஒரே ஒரு பெரிய அடி. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பவேண்டும். கையில் டம்ளர் வேண்டாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை 400க்கு மேல. திடீர்னு ஒரு பக்கக் கையும் காலும் நிக்காம ஆடுது. பார்க்கின்சனா?

இல்லை, இது பிரேக் விட்டுப்போன பக்கம். மிக உயர்ந்த சர்க்கரை புட்டாமனைப் பாதித்து ஒரு பக்க ஆட்டத்தை உண்டாக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் நாட்களிலோ வாரங்களிலோ அடங்கும். சப்தலாமிக் கருவில் வரும் சிறிய பக்கவாதத்திலும் கைகால் இப்படி வீசியடிக்கும். எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சின்னப் பசங்களுக்கும் இந்த இடம் பாதிக்குமா?

பாதிக்கும். அதில் விட்டுவிடக்கூடாதது வில்சன் நோய். உடம்பிலிருந்து செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் புட்டாமன் பகுதியிலும் படிகிறது. நன்றாகப் படித்த பிள்ளை மதிப்பெண்ணில் சரியும், கையெழுத்து கோணும், பேச்சு குழறும், எச்சில் வழியும், காரணமில்லாமல் கோபம் வரும். "வயசுக்கோளாறு" என்று ஒன்றிரண்டு வருடம் போய்விடுகிறது. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் ஆகிய மூன்றையும் பார்த்தால் தெரிந்துவிடும். பெனிசிலமின், துத்தநாகம் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க எடுத்தால் கட்டுப்படும் நோய் இது. கூடப்பிறந்தவர்களுக்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருப்பதால் அவர்களையும் சோதிக்கவேண்டும்.

5 முதல் 15 வயதில், தொண்டை வலி வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து, கையிலிருப்பதைக் கீழே போடுவது, முகத்தைக் கோணுவது, சட்டென்று அழுவது, ஒரே செயலைத் திரும்பச் செய்வது என்று தொடங்கினால் அது ருமாட்டிக் காய்ச்சலின் விளைவாக இருக்கலாம். இதயத்துக்கு எக்கோ கட்டாயம், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடம் தொடரவேண்டியிருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் தாலமஸையும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவையும் தேடித் தாக்குவது. இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது 1955இல் வேலூர்ப் பகுதியில். பிழைத்த பிள்ளைகளிடம் இறுக்கமும் குண மாற்றமும் தங்கிவிடுவதுண்டு.

மூளைக்குள்ள கம்பி வெச்சா எல்லாம் சரியாயிடுமாமே?

எல்லாம் ஆகாது. ஒரு எளிய விதி உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் எது சரியாகிறதோ, அதுதான் மின்தூண்டலிலும் (மூளைக்குள் மின்முனை பொருத்தும் இந்தச் சிகிச்சையிலும்) சரியாகும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, மாத்திரைக்கு அடங்காததும் அடங்கலாம். மாத்திரை போட்டும் தடுமாறி விழுபவருக்கும், குழறும் பேச்சுக்கும், மறதிக்கும் இது பயன்படாது. மறதி முற்றியவருக்குச் செய்தால் இன்னும் மோசமாகலாம்.

சுமார் 1.3 மி.மீ. தடிமனுள்ள மின்முனை இருபுறமும் சப்தலாமிக் கருவுக்குள் இறங்கும். அதன் மேல்வெளிப் பகுதி அசைவுக்கு, உள்முனை உணர்ச்சிக்கு. வழக்கமாக நொடிக்கு 130 துடிப்பு வீதம் வைக்கிறார்கள். மின்சாரம் உணர்ச்சிப் பகுதிக்குக் கசிந்தால் அளவுமீறிய உற்சாகம், தூக்கமின்மை, காசை வாரியிறைப்பது என்று வரும். தொடுமுனையை மாற்றினால் அடங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை அவசரமாகக் குறைத்தால் உந்துதல் இல்லாமையும் மனச்சோர்வும் வரும். முதல் ஆண்டில் தற்கொலை எண்ணம் பற்றி வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். கை நன்றாக ஆகிவிட்டது என்று வீடு கொண்டாடும் நேரத்தில் இதுதான் கண்ணில் படாமல் போகிறது.

கருவி பொருத்தியவர்கள் மூட்டு வலிக்குப் பிசியோதெரபிக்குப் போனால் டயாதெர்மி (மின்காந்த அலையால் தரும்) சூடு வைக்கவே கூடாது. அந்த அலை மின்முனையைச் சூடாக்கி மூளையைப் பொசுக்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வந்தால் கருவி அட்டையைக் காட்டி, அந்த மாடலுக்கு அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே படுக்கவேண்டும். அந்த அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.